ஆர்வி வாங்க வந்தவர்

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், அஜக்ஸில் இருந்த வீட்டை விற்று நானும் என் கணவரும் ஆர்வியில் குடியேறியபோது, எங்கள் சொந்தக்காரர்களில் ஒருவரும் அதை நம்பவில்லை. வாகனத்தை நம்பினார்கள். அது சின்ன பஸ் அளவில், அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாவற்றோடும் கண்ணுக்கு முன்னால் நின்றது. காரணத்தைத்தான் நம்பவில்லை. காரணம் மிகவும் சாதாரணமானது. என் கணவர் லொறி ஓட்டியவர். இந்த நாட்டின் மலைகளையும் ஏரிகளையும் அவர் கண்டதெல்லாம் தனியாக, நேரத்துக்குச் சாமான் இறக்கவேண்டுமே என்ற அந்தரத்தில், அவசரத்தில்தான். வேலையை விட்ட கையோடு, "இனி உம்மையும் பக்கத்திலை இருத்திக்கொண்டு ஆறுதலாப் பாக்கவேணும்" என்றார். எங்களுக்கு ஒரே மகள். அவள் படித்து, வேலை எடுத்து, நகரத்துக்குள் ஒரு கொண்டோ அடுக்குமாடியில் தனியாக இருந்தாள். இரண்டு பேருக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று எனக்கும் பட்டது.

இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? எங்கள் ஆட்களுக்கு வீடு என்பது வாங்குகிற பொருள். அதை ஒருவர் தானாக விற்றால், பின்னால் ஏதோ இருக்கவேண்டும். வங்கி வீட்டை எடுத்துவிட்டது என்று ஒரு கதை வந்தது. கணவர் கசினோவில் விட்டுவிட்டார் என்று இன்னொன்று. எனக்கு ஏதோ மாறாத நோய், அதனால் கடைசி ஆசையாக ஊர் சுற்றிக் காட்டுகிறார் என்று மூன்றாவது. அந்த மூன்றாவது கதைதான் எனக்கு ஆகவே பிடிக்கவில்லை. அதைக் கேட்டவர்கள் கலியாண வீடுகளில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றார்கள்.

நான் இயல்பிலேயே ஆட்களை எளிதில் நம்புகிறவள் இல்லை. என் கணவர் நேர்மாறு. யாராவது "எப்படி?" என்று கேட்டால், சாப்பிட்ட கறியிலிருந்து சொல்லத் தொடங்குவார். ஆகவே எங்கள் இருவருக்கும் சேர்த்து நான்தான் சந்தேகப்படவேண்டி இருந்தது. அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். வீட்டை ஏன் விற்றீர்கள் என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் வேறு வேறு காரணம் சொல்வேன். மொன்றியலில் இருக்கும் தங்கச்சிக்குக் கணவரின் முதுகுவலி, படிக்கட்டு ஏற ஏலாது என்றேன். ஒட்டாவாவில் இருக்கும் தம்பிக்கு, காணி வாங்கப் போகிறோம் என்றேன். ஆட்டுக்குக் குறி சுடுகிற மாதிரித்தான். கதை எந்த வழியால் சுற்றித் திரும்பி வந்தாலும், குறியைப் பார்த்து யாருடைய வாய் என்று சொல்லிவிடலாம். முதுகுவலி ஒரு மாதத்துக்குள் லண்டனில் இருந்து திரும்பி வந்தது. யாரோ தைலம் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

போன கோடை முழுவதும் பயணம்தான். வடக்கே சுப்பீரியர் ஏரிக்கரையில் நின்றோம். கடல் மாதிரி அலை அடிக்கும், ஆனால் உப்பு மணம் இருக்காது. காலையில் கதவைத் திறந்தால் தண்ணீருக்கு மேலே பனிமூட்டம் மெல்ல எழும்பும். கணவர் கதிரையைப் போட்டுத் தேநீரோடு உட்கார்ந்தால் மதியம் வரை எழும்பமாட்டார். எனக்கு முதல் சில நாட்கள் அந்த அமைதியிலும் நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு சத்தமில்லாத இடத்தில் ஏதோ இருக்கவேண்டும் என்று பற்றைப் புதர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வாகனத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் எங்கள் மேசையில் தக்காளிப் பழங்களை வைத்துவிட்டுப் போனார்கள். ஏன் வைத்தார்கள் என்று யோசித்து, கழுவிக் கழுவி, கடைசியில் அவித்துத்தான் சாப்பிட்டேன். நல்ல பழம்.

சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனால் வேறு பிரச்சினை. வாசலில் எங்கள் கட்டில் எங்களோடு நிற்கும். ஆனால் அதில் படுக்க விடமாட்டார்கள். "வீட்டை வந்திட்டு வெளியிலை படுக்கிறதோ? சனம் என்ன நினைக்கும்?" என்று தங்கச்சி முகத்தைத் தூக்கினாள். நிலக்கீழ் அறையில் ஸ்பிரிங் குத்துகிற சோபாக் கட்டிலில் நாங்கள் படுத்தோம். விடிந்ததும் அவளுடைய கணவர் என் கணவரைத் தனியே கூட்டிக்கொண்டு போய், குளியலறைக் கழிவு எங்கே போகிறது என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கீழே தொட்டி இருக்கிறது, அதை வெறுமையாக்க இடங்கள் இருக்கின்றன என்று இவர் விளக்கி முடிக்கும்வரை, அவர் வாகனத்தில் இருந்து இரண்டு அடி தள்ளியே நின்றார்.

ஆவணி மாதம் மகள் போனில் கூப்பிட்டாள். தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்றாள். கூட வேலை செய்கிற பெடியன், எங்கள் ஆட்கள்தான், தாய் தகப்பன் றிச்மண்ட் ஹில்லில் இருக்கிறார்கள் என்றாள். பெடியனின் படத்தை அனுப்பினாள். நல்ல முகம். அதனாலேயே நான் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"அவரின்ரை அப்பா அம்மா உங்களை மீற் பண்ணவேணுமாம். அடுத்த ஞாயிறு மாமி வீட்டிலை வைப்பம். ஆனா ஆர்வியை அங்கை கொண்டு வராதேங்கோ அம்மா. போனமுறை நெய்பர்ஸ் கொம்பிளெயின் பண்ணினவை. ரூஜ் ஆத்துப் பக்கம் காம்பிங் இடம் இருக்குத்தானே, அங்கை நில்லுங்கோ."

மாமி என்பது என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள். அஜின்கோர்ட்டில் இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்தது உண்மைதான். ஆனாலும் போனை வைத்தபிறகு என் மனம் அதிலேயே நின்றது. மகளுக்கு எங்களால் வெட்கம். தாய் தகப்பன் வாகனத்துக்குள் சீவிக்கிறார்கள் என்பதைச் சம்பந்தி வீட்டாரின் கண்ணில் படாமல் வைக்கப் பார்க்கிறாள். கணவரிடம் சொன்னேன். "நீர் சும்மா இரும்" என்றார். இரண்டு நாள் கழித்து மகள் திரும்பவும் கூப்பிட்டு எந்த இடத்தில் நிற்கிறோம், சைட் நம்பர் என்ன என்று கேட்டாள். வந்து பார்க்கப் போகிறாளாக்கும் என்று நினைத்து, நம்பரைச் சொல்லிவிட்டேன்.

ரூஜ் ஆற்றங்கரை ரொறன்ரோவுக்குள்ளே இருக்கிறது என்று சொன்னால் நம்ப முடியாது. பெருந்தெருவின் இரைச்சல் தூரத்தில் கேட்கும், பக்கத்தில் நாரை ஒன்று ஒற்றைக்காலில் நிற்கும். வியாழக்கிழமை பின்னேரம், நான் வெளியே மேசையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறக் கார் ஒன்று ஊர்ந்து வந்து எங்களைத் தாண்டிப் போனது. பிறகு திரும்பி வந்து கொஞ்சம் தள்ளி நின்றது. ஒரு பெண் இறங்கினார். என் வயதுதான் இருக்கும். கூட வந்த ஆண் காருக்குள்ளேயே இருந்தார்.

"தமிழோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். "நாங்களும் உப்பிடி ஒண்டு வாங்க யோசிக்கிறம். ஒருக்காப் பாக்கலாமோ?"

எனக்கு உடனே பொறி தட்டியது. அவர் போட்டிருந்த சப்பாத்து வெள்ளை வெளேர் என்று இருந்தது. மண் பட்ட அடையாளமே இல்லை. கையில் தண்ணீர்ப் போத்தல்கூட இல்லை, தோள்பைதான் இருந்தது. காம்பிங் வந்த ஆள் இல்லை. ஆனால் என் கணவர் அதற்குள் கதவைத் திறந்து "வாங்கோ, வாங்கோ" என்று வரவேற்று, தண்ணீர்த் தாங்கியிலிருந்து விளக்கத் தொடங்கிவிட்டார். காருக்குள் ஒருவர் இருக்கிறார் என்றதும், அவரோடு கதைக்க அங்கே போனார். நான் அந்தப் பெண்ணோடு உள்ளே நின்றேன்.

ஆர்வி வாங்க வருகிறவர்கள் கேட்பது எனக்குத் தெரியும். எண்ணெய் எவ்வளவு குடிக்கும், பனிக்காலத்தில் குழாய் உறையுமா, என்னால் ஓட்ட முடியுமா என்று கேட்பார்கள். இவர் அதில் ஒன்றையும் கேட்கவில்லை. சாமிப்படம் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அடுப்புக்கு மேலே சின்னத் தட்டில் பிள்ளையார் இருந்தார், காட்டினேன். குளியலறைக் கதவைத் திறந்து மூலையைப் பார்த்தார். கட்டில் விரிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"சண்டை பிடிச்சா எங்கை போவியள்?"

"வெளியிலை இடம் இருக்குத்தானே" என்றேன்.

சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அஜக்ஸ் வீட்டை வித்தது கவலையா இல்லையோ?" என்றார்.

நான் அஜக்ஸ் என்று சொல்லவே இல்லை. கணவரும் தண்ணீர்த் தாங்கியைத் தாண்டிப் போகவில்லை. இது மச்சாள் அனுப்பின ஆள்தான் என்று முடிவுகட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வருமுன், எங்கள் உண்மையான நிலைமை என்ன என்று மோப்பம் பிடித்து விடுப்புப் பார்த்துவர யாரோ சிநேகிதியை அனுப்பியிருக்கிறார். அப்படித்தான் எனக்குப் பட்டது. அப்போது அதில் எனக்கு எள்ளளவும் ஐயம் இருக்கவில்லை.

அவர் தேநீரைக் குடித்து முடித்து, "பிள்ளையள்?" என்று கேட்டார்.

சரி, இதில் குறி சுடுவோம் என்று நினைத்தேன். இதுவரை யாருக்கும் சொல்லாத, யாரும் தாமாக நினைத்துக்கூடப் பார்க்காத ஒன்றாக இருக்கவேண்டும். "ஒரு மகள்தான். கலியாணம் முடிச்சு வன்கூவரிலை இருக்கிறா" என்றேன்.

அவர் கோப்பையை மெதுவாக வைத்தார். "எப்ப முடிச்சவ?"

"போன வருசம். சின்னனாச் செய்தது. ஒருத்தருக்கும் பெரிசாச் சொல்லேல்லை."

அதைச் சொல்லும்போது எனக்கு நல்ல சந்தோசம். பொய்க்கு ஒரு மூடியும் போட்டுவிட்டேன் பாருங்கள். அவர் அதற்குப்பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போய்விட்டார். கார் போனதும் கணவரிடம் விசயத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்னப்பா நீர்? பெத்த பிள்ளையை ஆருக்கோ கட்டிக் குடுத்திட்டு நிக்கிறீர்."

"கொஞ்சம் பொறுங்கோ. உங்கடை அக்கான்ரை வாயாலை வன்கூவர் எண்டு வருதோ இல்லையோ பாருங்கோ."

அடுத்தநாள் மத்தியானம் மகள் கூப்பிட்டாள். வழக்கமாக "சாப்பிட்டாச்சோ" என்றுதான் தொடங்குவாள். அன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

"அம்மா, நான் வன்கூவரிலை ஆரைக் கலியாணம் கட்டினனான்?"

எனக்கு முதலில் வந்தது வெற்றிக் களிப்பு. மறைப்பானேன்? "பாத்தியோ, உன்ரை மாமிதான். எனக்குத் தெரியும். ஆளை அனுப்பி விடுப்புப் பாத்திருக்கிறா" என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"மாமிக்கு ஒண்டும் தெரியாது. உங்களிட்டை வந்தது அவரின்ரை அம்மா."

கத்தரிக்காய்க் குழம்பு அடுப்பில் இருந்தது. நான் அதை நிற்பாட்டவும் மறந்து நின்றேன். மகள் நடந்ததைச் சொன்னாள். பெடியனின் தாய் அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒருவரோடும் கதைக்கவில்லையாம். காலையில் மகனைக் கூப்பிட்டு, நீ கலியாணம் முடித்த பிள்ளையோடா திரிகிறாய் என்று கேட்டிருக்கிறார். அவன் முதலில் சிரித்திருக்கிறான், பிறகு கத்தியிருக்கிறான். தகப்பன், பெண்ணைப் பெற்ற தாயே சொன்ன பிறகு இதில் கதைக்க என்ன இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போகத் தேவையில்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டாராம்.

"அவை என்னை நம்பேல்லை அம்மா. எப்பிடி நம்புவினம்? சொன்னது நீங்களல்லோ?" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரமே கிளம்பினோம். வேறு வாகனம் எங்களிடம் இல்லை. மின்சார வயரைக் கழற்றி, கூரை விரிப்பை மடக்கி, வீட்டோடு றிச்மண்ட் ஹில்லுக்குப் போனோம். பேவியூ தெருவில் நல்ல நெரிசல். கணவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் கதைக்காமல் இருந்தால் நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியும். பெடியனின் வீட்டுத் தெருவில் எங்கள் வாகனம் திரும்பியபோது இரண்டு மூன்று வீடுகளில் திரைச்சீலை அசைந்தது. மகளின் கார் முன்பே அங்கே நின்றது.

கதவைத் திறந்தது அதே பெண்தான். இப்போது வீட்டுச் செருப்போடு நின்றார். "வாங்கோ" என்றார், ஆனால் அந்தச் சொல்லில் வரவேற்பு இல்லை. உள்ளே பெடியனும் மகளும் ஒரு சோபாவின் இரண்டு முனைகளில் இருந்தார்கள். அன்றைக்குக் காருக்குள் இருந்த தகப்பன் ஒற்றைக் கதிரையில். நான் உட்காரவில்லை.

"என்ரை மகள் கலியாணம் முடிக்கேல்லை. நான் சொன்னது பொய்" என்றேன்.

"அப்ப உங்கடை சொல்லிலை எதை நாங்கள் நம்புறது?" என்றார் தகப்பன்.

எனக்கும் கோபம் வந்தது. வரக்கூடாத இடத்தில்தான் எனக்கு வரும். "ஆர்வி வாங்க வந்தனாங்கள் எண்டு நீங்களும் சொன்னியள்தானே? முதல் பொய் சொன்னது ஆர்?"

"ஓம்" என்றார் பெடியனின் தாய். "அது பொய்தான். ஆனா நான் என்னைப் பற்றித்தான் பொய் சொன்னன். நீங்கள் பிள்ளையைப் பற்றியல்லோ சொன்னியள்?"

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு எதையும் மறைத்துப் பிரயோசனம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டைப் பற்றி வந்த கதைகளை, நான் ஆளுக்கு ஒரு காரணம் சொல்லி வைத்ததை, முதுகுவலித் தைலத்தை, மச்சாள்மேல் சந்தேகப்பட்டு அவருக்குக் குறி சுடப்போய் இவர்களுக்குச் சுட்டதை. சொல்லிக்கொண்டு போகும்போதே அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று என் காதுக்கே கேட்டது. பெடியன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். தகப்பன் என் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார்.

பெடியனின் தாய் மட்டும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நான் முடித்ததும் தன் கணவர் பக்கம் திரும்பினார். "இவ சொல்லுறது உண்மை. இதை ஒருத்தர் கற்பனையிலை சொல்ல ஏலாது. நானும் உங்கடை அண்ணிக்கு இதைத்தான் செய்யிறனான்."

"என்ன செய்யிறனி?" என்றார் அவர்.

"அது பிறகு சொல்லுறன். போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணி வையுங்கோ."

அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டே எழும்பிப் போனார். தேநீர் வந்தது. தையில் நல்லநாள் பார்க்கலாம் என்று பேச்சும் வந்தது. மேலும் ஒரு மணி நேரம் இருந்து கதைத்தோம். இந்தமுறை பெடியனின் தாய் எண்ணெய் எவ்வளவு குடிக்கும் என்றும் கேட்டார். கணவருக்கு உயிர் வந்தது. எனக்கு அந்தச் சோபாவிலேயே படுத்துவிடலாம் போல இருந்தது. கலியாணம் குழம்பாமல் தப்பிவிட்டது. அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

புறப்படும்போது மகள் வாகனம் வரை வந்தாள். கணவர் பெடியனின் தகப்பனோடு வாசல் படலையடியில் நின்றார். நாங்கள் இருவரும் தனியாக இருந்தோம்.

"ஆன்ரியை நான்தான் அனுப்பினனான்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"அவ கேட்டவ, ஏன் வீட்டை வித்தவை, என்ன பிரச்சினை எண்டு. ஒரு பிரச்சினையும் இல்லை, அப்பா எப்பவும் ஆசைப்பட்டவர், ரெண்டு பேரும் சந்தோசமா இருக்கினம் எண்டு சொன்னன். அவ நம்பேல்லை. அப்ப நான்தான் சைட் நம்பரைக் குடுத்து, ஆரெண்டு சொல்லாமல் போய்ப் பாருங்கோ எண்டன். மாமி வீட்டிலை எல்லாரும் நடிப்பினம். ஆத்தங்கரையிலை எண்டால் நீங்கள் நீங்களா இருப்பியள் எண்டு நினைச்சன்."

அவளுக்கு எங்களால் வெட்கம் என்று நான் நினைத்திருந்தேன். எத்தனை சொந்தக்காரர் இருந்தும், நாங்கள் சொன்ன காரணத்தை அப்படியே நம்பி, அதை இன்னொருவரிடம் எங்களுக்காகச் சொல்லியிருந்தது அவள் ஒருத்திதான். அவளுடைய கையைப் பிடித்தேன். அவள் கையை எடுக்கவில்லை, ஆனால் திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"ஒண்டு கேக்கிறன் அம்மா" என்றாள். "சித்திக்கு முதுகுவலி. மாமாக்குக் காணி. எனக்கு நீங்கள் சொன்னது எது?"

"உனக்கு உண்மையைத்தான் சொன்னனான்" என்றேன். அது உண்மை. அவளுக்கு நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஓகே" என்றாள். அவள் அதை நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.